சென்ற வருஷம் மாதிரியே

பிப்ரவரியில் தொலைபேசியை எடுத்தால்
எல்லாரும் ஒரே வாக்கியம்தான் சொல்கிறார்கள்:
"சென்ற வருஷம் மாதிரியே போட்டுவிடு, இர்மா."
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சஸ்காச்சுவான் முழுக்க ஒரே வெள்ளைத் தாள்,
வேலிக் கம்பங்கள் மட்டும் அடிக்கோடு இட்டிருக்கின்றன.

பதினாறு வருஷம் அந்த வாக்கியத்தை நம்பி
ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.
பழைய எண்கள் அலுங்காமல்
புது வருஷத்துக்குள் குடியேறும்.

தைசா ஹ்ரின்சுக்கின் படிவமும் அப்படித்தான் போனது.
ஏப்ரல் இருபத்தாறு, பெட்ரோல் பங்க்கில்
அவள் லாரியின் பின்னால் பெரிய பெரிய பைகளில்
மசூர் பருப்பு விதை.
மூன்று தலைமுறையாகக் கோதுமை போட்ட வீடு.
"விலை நன்றாக இருக்கிறது" என்றாள்.
"சந்தோஷம்" என்றேன். சில்லறையை எண்ணி வாங்கினேன்.
வீட்டுக்குப் போய்ச் சூப்பைச் சூடுபண்ணும்போதுதான்
கை நின்றது.
மார்ச் முப்பத்தொன்று எப்போதோ போய்விட்டது.

ஜூலையில் ஆலங்கட்டி.
எட்டே நிமிஷம்.
காகிதத்தில் இருந்த கோதுமைக்கு ஒன்றும் ஆகவில்லை.
நிலத்தில் இருந்த பருப்புக்குக்
காகிதம் இல்லை.

தைசா என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் படிவங்களை விட்டு
முற்றங்களைப் படிக்கத் தொடங்கினேன்.
காப்பிக் கடைக்குப் போகும் வழியை நீளமாக்கிக்கொண்டேன்.
யார் வீட்டிலாவது பளபளவென்று புது இரும்புக் குதிர் நின்றால்
எங்கேயோ குத்தகைக்கு நிலம் கூடியிருக்கிறது.
கால்கரியில் வேலை பார்த்த மகனின் வண்டி
மூன்று வாரமாக நகராமல் பனி மூடிக் கிடந்தால்
இனி கையெழுத்து ஒன்றா இரண்டா என்று கேட்க வேண்டும்.
மாடுகளை விற்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள்,
அப்படியென்றால் அந்த மேய்ச்சல் நிலம்?
கடன் புதிதா, வடிகால் புதிதா,
விவாகரத்து வாய்ப்பேச்சா, கோர்ட்டுக்குப் போய்விட்டதா?
ஊர் என்னை வம்புக்காரி என்கிறது.
சம்பளம் வாங்கும் வம்புக்காரி,
தவறில்லை.

இந்த மார்ச் இருபத்திரண்டு.
ஓர்வில் டெர்க்சன் நேரிலேயே வந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
"சென்ற வருஷம் மாதிரியே."
ஜன்னல் வழியே அவர் லாரியைப் பார்த்தேன்.
முன் இருக்கையில், வலப்பக்கம்,
நாய்.

நவம்பரில் லுயெல்லாவின் அடக்கத்துக்குப் போனவள்தான் நானும்.
உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோனேன்.
அந்த வடக்கு நூற்றறுபது ஏக்கர்
அவள் பெயரில் இருந்தது என்பது
எனக்குத் தெரியும்.
கேட்பது அநாகரிகம் என்று
நான்கு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஈடு என்ற சொல்லை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவள்.
அன்று நாக்கு எழவில்லை.
படிவத்தைத் திருப்பி,
இரண்டாவது கையெழுத்துக் கோட்டின் மேல்
விரலை வைத்தேன், அவ்வளவுதான்.

வெகுநேரம் அதைப் பார்த்தார்.
"வடக்கு நிலம் அவள் தம்பிக்குப் போகிறது" என்றார்.
பிறகு, "விளைச்சல் கணக்கெல்லாம் அவளிடம்தான்.
நான் ஓட்டுவேன், அவள் எழுதுவாள்."
"ஒன்பது நாள் இருக்கிறது, ஓர்வில்."
"ஒன்பது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்,
பிடி விதையைக் கையில் எடை பார்ப்பதுபோல.

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார்.
உள்ளே சின்னச் சின்ன நோட்டுகள், பென்சில் எழுத்து,
ஏக்கருக்கு இத்தனை புஷல், இத்தனை ஈரம்.
ஒரு பக்கத்தில் எண்ணே இல்லை:
"தெற்கு வயல். தண்ணீர் வடியவில்லை. விதைக்கவில்லை.
ஓர்வில் நாள் முழுக்கப் பேசவில்லை."

அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று
அவர் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
தொப்பி மேசைமேல்.
முதல் பக்கத்திலிருந்து
ஆரம்பித்தோம்.